சுற்றாமல் நின்ற ஸ்பிரிங்க்ளர்: வாஷரில் ஆரம்பித்து ஓஸ் வரை தேடிப் போனது

வீட்டு முன்பக்கம் 30-க்கு 30 அடி புல்தரை, கொரியன் புல். அதற்குத் தண்ணீர் விட ஒரு பித்தளை ஸ்பிரிங்க்ளர் வைத்திருக்கிறோம். நிலக்கடலைக் காட்டில் டக் டக் என்று கையை அடித்துக்கொண்டே சுற்றுமே, அதே வகை. அரை இஞ்ச் மரை, தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசில் 4 மி.மீ. இந்தக் கோடையில் அது சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஒரே திசையைப் பார்த்து நின்று பீய்ச்சியது. பீய்ச்சிய இடத்தில் குழி விழுந்து சேறாகிவிட்டது. அதற்குப் பத்தடி தள்ளிப் புல் பழுத்துக் காலில் குத்தியது.

கடையில் கேட்டால் "தலையை மாத்திடுங்க சார்" என்கிறார்கள். பிளம்பரும் அதையேதான் சொன்னார். எங்கள் வீதியில் அப்படித் தலையை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். புதுத் தலை கொஞ்ச காலம் சுற்றும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். பித்தளையில் செய்த, நகரும் பாகங்கள் நாலைந்து மட்டுமே உள்ள ஒரு சாமான் இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போக வாய்ப்பில்லை. நின்றதற்குக் காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்ததும் நிற்கும். அதனால் கழற்றிப் பார்ப்பது, அழுத்தத்தை அளப்பது, அதன் பிறகு எதை வாங்குவது என்று முடிவு செய்வது என்று இறங்கினேன்.

இது எப்படிச் சுற்றுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். நாசிலிலிருந்து வரும் தண்ணீர்த் தாரைக்குக் குறுக்கே ஆடும் கையின் நுனி நிற்கிறது. அந்த நுனி கரண்டி மாதிரி வளைந்திருக்கும். தாரை அதன் மேல் பட்டதும் கை பக்கவாட்டில் விசிறப்படும். மேலே இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி அதைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் கை உடலின் மேல் மோதும், உடல் கொஞ்சம் திரும்பும். அடுத்த நொடி தாரை மறுபடி கரண்டியில் விழும். மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கிளெண்டோரா ஊரில் எலுமிச்சை, ஆரஞ்சு பயிரிட்ட ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்ற விவசாயி இதை வடிவமைத்து 1935-ல் காப்புரிமை பெற்றார். கிட்டத்தட்ட அதே அமைப்புதான் இன்றைக்கும் நம் ஊர்க் கடையில் தொங்குகிறது.

ஆகவே சுற்ற வைப்பது தாரையின் விசை ஒன்றுதான். சுற்றவிடாமல் பிடிப்பது அடியில் இருக்கும் பேரிங்கின் உராய்வு. நடுவில் ஸ்பிரிங். நின்றுபோன ஸ்பிரிங்க்ளரில் இந்த மூன்றில் ஒன்றாவது தவறியிருக்கும். எனக்கு இரண்டு தவறியிருந்தன. அதில் பெரியது ஸ்பிரிங்க்ளருக்கு உள்ளேயே இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் கடலை போடும் என் மாமனாரிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, தண்ணிய நிறுத்திப்போட்டுத் தலையக் கையால சுத்திப் பாத்தீங்களா? நறநறங்குதா?" நறநறத்தது. தலையை விரலால் மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி விட்டு விட்டுத் திரும்பியது. நல்ல பேரிங் என்றால் ஒரு விரல் தள்ளலில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். "அடி வாஷர்ல மண்ணு ஏறியிருக்குதுங்க. அதக் கழட்டிக் கழுவுங்க. ஆயில் மட்டும் உட்ராதீங்க" என்றார்.

ஆயில் விடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேரிங்குக்கு மசகு தண்ணீர்தான். எண்ணெயோ கிரீஸோ வைத்தால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு சாணைக்கல் வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் விட்டுச் சுற்ற வைத்துவிட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குச் சுற்றும், அடுத்த மாதம் வாஷர் காலி.

கழற்றுவது எளிது. அடியில் உள்ள அறுகோண நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, உடலை இன்னொரு ஸ்பேனரால் இடப்பக்கம் திருக வேண்டும். குறடு போட்டால் பித்தளையின் முனை மழுங்கிவிடும், அளவான ஸ்பேனர்தான் சரி. உள்ளே ஒரு குட்டிக் குழாய், அதன் மேல் ஒரு ஸ்பிரிங், கீழே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வாஷர்கள். எடுக்கும்போதே எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வழுவழுப்பான வெள்ளை வாஷர் நடுவில், ரப்பர் இரண்டும் அதற்கு மேலும் கீழும். இந்த வரிசை மாறினால் ரப்பரும் ரப்பரும் உரசித் தலை இறுகிவிடும்.

என்னுடையதில் நடு வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் முகத்தில் ஊசியால் கீறியது போல் வட்டம் வட்டமாகக் கோடுகள், ஒரு கோட்டுக்குள் சர்க்கரைத் துணுக்கு அளவில் ஒரு மணல் பதிந்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் தோண்டினால்தான் வந்தது. ரப்பர் இரண்டும் தட்டையாகி ஓரம் வெடித்திருந்தன. வேலை செய்யும்போது அடியில் இடைவிடாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். போட்ட உடனே சில நொடி ஒழுகுவது இயல்பு. அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் வாஷர் போய்விட்டது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். விவசாயச் சாமான் விற்கும் கடைகளில் வாஷர் மட்டும் தனியாகக் கிடைக்கும். சும்மா "ஸ்பிரிங்க்ளர் வாஷர்" என்று கேட்டால் கடைக்காரர் எந்த அளவென்று கேட்பார், பழசைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்தது நாசில். கோவையில் போர் தண்ணீர் உப்பு. குழாய் முனை, ஷவர், எதைப் பார்த்தாலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். நாசிலின் வாயிலும் ஒரு பக்கமாக அது படிந்து ஓட்டை வட்டமாக இல்லாமல் பிறை போல் ஆகியிருந்தது. இப்படி இருந்தால் தாரை நேராக வராமல் சிதறும். சிதறிய தாரை கரண்டியின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டு வீணாகும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நாசிலை அதில் போட்டேன். குமிழ் குமிழாகக் கிளம்பியது. அரை மணி நேரத்தில் சுண்ணாம்பு இளகிவிட்டது. ரொம்ப நேரம் ஊற விடக்கூடாது. பித்தளையில் துத்தநாகமும் இருக்கிறது, அமிலம் அதையும் தின்னும்.

நாசிலைக் குத்திச் சுத்தம் செய்ய ஆணி, ஊசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம். உள்விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் தாரை அங்கேயே கிழியும். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டுத் திருப்பினால் போதும். வந்த குப்பையில் மணலோடு நீல நிறப் பிளாஸ்டிக் துருவலும் இருந்தது. எங்கோ பைப் அறுத்தபோது உள்ளே விழுந்தது, இவ்வளவு நாள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் துருவல்தான் வடிகட்டி போட வேண்டும் என்று முடிவு செய்ய வைத்தது.

ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. கையை விரலால் முழுசாகத் தள்ளி விட்டால் திரும்பி வந்து உடலில் மோதி 'டங்' என்று கேட்க வேண்டும். சொத்தென்று விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கை ஆடும் ஆணியில் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கை இஷ்டத்துக்கு முறுக்குவதும் தவறு. கையை விசிறத் தாரைக்கு வலு போதாமல் போய், கை சும்மா நடுங்கிக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும் மாட்டி, டெஃப்லான் டேப் சுற்றி, பழையபடி ஓஸில் இணைத்துத் திறந்தேன். சுற்றியது. ஆனால் சோம்பலாக, இரண்டு சுற்றுக்குப் பிறகு காற்று எதிர்த்து அடித்தபோது தயங்கி நின்றது. தாரை பதினெட்டடி போனது. துளிகள் கொட்டைக் கொட்டையாக விழுந்தன. இந்தப் பெரிய துளிதான் அழுத்தக் குறைவின் முதல் அடையாளம். அழுத்தம் போதுமென்றால் தாரை காற்றில் உடைந்து பொடித் துளியாகும். போதாவிட்டால் உடையாமல் மொத்தமாகப் போய் ஓரத்தில் ஒரு வளையமாக விழும், நடுவில் காயும். எங்கள் புல்தரையில் பச்சை வளையமும் அதற்குள் பழுப்புத் திட்டும் ஏன் வந்தன என்பது அங்கே நின்று பார்த்தபோதே புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் எல்லோரும் வாங்க வேண்டிய ஒரு சாமான் இருக்கிறது: பிரஷர் கேஜ். அழுத்தத்தை 0-விலிருந்து 7 கிலோ வரை காட்டுவது (ஒரு சதுர செ.மீ. மேல் இத்தனை கிலோ என்ற கணக்கு), கால் இஞ்ச் மரை. 'T' வடிவ இணைப்பான அரை இஞ்ச் டீயில், அளவைக் குறைக்கும் ஒரு ரெட்யூசர் போட்டு அதை மாட்டிவிட்டால் லைனில் எங்கே வேண்டுமானாலும் இணைத்துப் பார்க்கலாம். புதுத் தலையை விட விலை குறைவு. இது இல்லாமல் தண்ணீர் லைனில் கோளாறு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

எங்கள் வீட்டு அமைப்பு இப்படி. போர் தண்ணீர் தரைத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து அரை ஹெச்.பி. செல்ஃப் பிரைமிங் மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரை விட்டு வெளியே வந்ததும் லைன் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மாடிக்கு, ஒன்று தோட்டத்துக் குழாய்க்கு. புல்லுக்கு விடும்போது மாடி வால்வை அடைத்துவிட்டுத் தோட்டக் குழாயில் ஓஸை மாட்டுவோம்.

மாடித் தொட்டித் தண்ணீரையே நேராக ஸ்பிரிங்க்ளருக்கு விடலாமே என்று பலரும் கேட்பார்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ, கணக்கு அவ்வளவுதான். ஒரு மாடி வீட்டுத் தொட்டி எட்டு ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், ஒரு கிலோ கூட வராது. ஓடும்போது அதிலும் பாதி குறையும். இந்த வகை ஸ்பிரிங்க்ளர் ஒழுங்காக அடிக்க ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு கிலோ வேண்டும். மாடித் தொட்டியை மட்டும் நம்புகிறவர்கள் சொட்டு நீரோ சின்ன மைக்ரோ ஸ்பிரிங்க்ளரோ வைத்துக்கொள்வதுதான் நல்லது.

முதல் அளவை மோட்டார் பக்கத்தில் எடுத்தேன். மாடி வால்வு, தோட்டக் குழாய் இரண்டையும் அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டுக் கேஜைப் பார்ப்பது. இதைச் சில நொடிகளுக்கு மேல் செய்யக்கூடாது. இந்த வகை மோட்டார் அடைத்த நிலையில்தான் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடேறிவிடும். முள் 2.1 கிலோவில் நின்றது. மோட்டாரின் தகட்டில் அதிகபட்ச உயரம் 28 மீட்டர் என்று போட்டிருக்கிறது, அதாவது 2.8 கிலோ வர வேண்டும். 0.7 எங்கே போனது? மோட்டார் தேய்ந்திருக்கலாம், அல்லது அடைத்த வால்வு உண்மையில் அடைபடாமல் இருக்கலாம்.

மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தால் விடை தெரிந்துவிட்டது. கீழே வால்வு அடைத்திருக்கிறது, மேலே விரல் பருமனில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பித்தளை கேட் வால்வு அது. உள்ளே கதவு வந்து உட்காரும் இடத்தில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் முழுசாக அடைபடாது. வெளியிலிருந்து பார்த்தால் அடைத்த மாதிரியே இருக்கும். ஸ்பிரிங்க்ளருக்கு என்று போட்ட மோட்டாரின் தண்ணீரில் ஒரு பங்கு இத்தனை காலமும் மாடிக்குப் போயிருக்கிறது. கேட் வால்வை எடுத்துவிட்டு, உள்ளே உருண்டை திரும்பி அடைக்கும் பால் வால்வு போட்டேன். மறுபடி அதே சோதனை: 2.8 கிலோ. மோட்டார் மேல் பழியில்லை.

ஸ்பிரிங்க்ளர் இப்போது முன்னைவிடச் சுறுசுறுப்பாகச் சுற்றியது, ஆனாலும் மூலைகளுக்கு எட்டவில்லை. கேஜை இரண்டு இடத்திலும் மாற்றி மாட்டி, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தேன். மோட்டார் பக்கத்தில் 2.1, ஸ்பிரிங்க்ளர் அடியில் 1.2. நடுவில் இருப்பது 100 அடி ஓஸ், அரை இஞ்ச். கிட்டத்தட்ட ஒரு கிலோவை ஓஸும் அதன் இரண்டு முனைகளிலும் உள்ள கிளிப் இணைப்புகளும் தின்றுவிட்டன.

அடைத்து வைத்து அளந்தால் இந்த இழப்பு தெரியவே தெரியாது. தண்ணீர் நகராதபோது ஓஸின் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம்தான். ஓடும்போதுதான் உராய்வு. பலரும் குழாயில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு "பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது இதனால்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 11 லிட்டர் தண்ணீர் 30 மீட்டர் நீள அரை இஞ்ச் குழாயில் ஓடினால் சுமார் 7 மீட்டர் உயரத்துக்குச் சமமான இழப்பு. அதே தண்ணீர் முக்கால் இஞ்சில் ஓடினால் ஒரு மீட்டர். ஒரு இஞ்சில் கால் மீட்டர். குழாயின் உள் அளவை இரட்டித்தால் இழப்பு கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்காகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பெரிய மோட்டார் வாங்கும் எண்ணமே வராது. ஒரு ஹெச்.பி. மோட்டார் போட்டு அரை இஞ்ச் ஓஸில் தள்ளுவது கரண்ட்டைக் கொண்டுபோய் ஓஸில் கொட்டுவது. ஓஸை மாற்ற வேண்டும், மோட்டாரை அப்படியே விட்டுவிடலாம்.

ஓஸையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து ஒரு இஞ்ச் பி.வி.சி. லைனைப் புல்தரையின் மூன்று ஓரமாகப் புதைத்தேன். ஒன்பது அங்குல ஆழம், மண்வெட்டி தவறிப் பட்டாலும் எட்டாது. நான்கு மூலையிலும் ஒரு டீ, அதிலிருந்து அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) தரைக்கு மேல் ஓரடி எழும்பி நிற்கும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பால் வால்வு. தலை ஒன்றுதான், அதை மூலைக்கு மூலை மாற்றிக்கொள்வது. அரை ஹெச்.பி. மோட்டாருக்கு ஒரு நேரத்தில் ஒரு தலைதான் தாங்கும். அதனால் நான்கு தலை வாங்கிக் காத்திருக்க வைப்பதில் லாபம் இல்லை.

மூலையில் வைப்பது ஏன் என்றால், ஒவ்வொரு மூலையிலிருந்தும் கால் வட்டம் அடிக்கும்போது தாரை பக்கத்து மூலை வரை எட்ட வேண்டும். 30 அடி இடைவெளிக்கு 30 அடி தாரை. தலைக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் குறைவாக விழும், அந்தக் குறையைப் பக்கத்து மூலையிலிருந்து வருவது நிரப்பும். தாரை பாதி தூரம் வந்தால் போதும், நடுவில் சந்தித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டால் நடுவில் பழுப்புத் திட்டு நிச்சயம்.

எழும்பி நிற்கும் பைப்புக்குப் பி.வி.சி. போதாது. கை ஒவ்வொரு முறை மோதும்போதும் பைப் அதிரும், பி.வி.சி. ஆடும். ஆடினால் மோதலின் விசை தலையைத் திருப்பாமல் பைப்பை ஆட்டுவதில் போய்விடும், பைப்பின் முனையில் ஒட்டும் மரை இணைப்பும் (எம்.டி.ஏ.) நாளடைவில் கீறிவிடும். ஜி.ஐ. பைப்பைச் சுற்றி ஒரு சட்டி கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்து நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் தாரை தரையில் குத்தும், மறுபக்கம் வானத்துக்குப் போகும். முன்பு இருந்த குத்து ஸ்டாண்டு ஈர மண்ணில் சாய்ந்து சாய்ந்து நின்றது, அதுவும் சுற்றாததற்குக் கொஞ்சம் காரணம்.

மோட்டாரை விட்டு வந்ததும் முதலில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வான ஒரு என்.ஆர்.வி., அடுத்து ஒய் வடிவ சல்லடை வடிகட்டி. என்.ஆர்.வி.யை விட்டுவிடக் கூடாது. புல்லுக்கு உரம், பூச்சிமருந்து போடுகிறோம். மோட்டார் நின்றதும் தோட்டத்து லைனிலிருந்து தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, வீட்டுக்குப் புழங்கும் தொட்டிக்குள் போக வழி இருக்கக் கூடாது. சொல்யூஷன் போட்டு ஒட்டியதை ஒரு நாள் காயவிட்டு, தலையை மாட்டுவதற்கு முன் நான்கு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெறும் பைப்பில் தண்ணீரைப் பீய்ச்சவிட்டேன். பைப் அறுத்த துருவலும் மண்ணும் கலங்கலாக வந்தன. இதைச் செய்யாமல் தலையை மாட்டினால் அத்தனையும் நாசிலில் போய் நிற்கும்.

இப்போது 4 மி.மீ. நாசிலோடு ஸ்பிரிங்க்ளர் அடியில் ஓடும் அழுத்தம் 1.8 கிலோ. தாரை 34 அடி போய் காம்பவுண்டுச் சுவரை நனைத்தது. 3.2 மி.மீ. நாசில் போட்டதும் 2.2 கிலோ ஆனது, துளி பொடியானது, தாரை 32 அடி. முன்னால் இருக்கும் திருகாணியைத் தாரைக்குள் கொஞ்சம் இறக்கி 30 அடிக்குக் கொண்டுவந்தேன். சின்ன நாசில்தான் இந்த மோட்டாருக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. தண்ணீர் குறைவாக வருவது போல் தோன்றும், ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. நாசில் மேல் ஒரு ஓஸ் துண்டைச் செருகி 20 லிட்டர் கேனைப் பிடித்தால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது, நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர்.

கால் வட்டத்துக்கு அமைப்பது பலருக்குக் குழப்பம் தரும் வேலை. தலையின் அடியில் இரண்டு கம்பி வளையங்கள் இருக்கும், அவற்றைக் கையால் நெருக்கித் திருப்பலாம். தலை திரும்பி வந்து வளையத்தின் முனையைத் தொட்டதும் ஒரு குட்டி லீவர் சாயும். சாய்ந்த லீவர் கையின் வாலைத் தடுக்கும், கை எதிர்ப்பக்கமாக மோதித் தலையை வேகமாகத் திருப்பிக்கொண்டு வரும். தலை போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை என்றால் லீவரின் சின்ன ஸ்பிரிங்கைப் பார்ப்பதற்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள். திரும்பும் இந்த வேலைக்கு நேராகச் சுற்றுவதைவிட அதிக வலு வேண்டும், அழுத்தம் குறைந்தால் முதலில் நிற்பது இதுதான்.

சமமாக விழுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே அளவுள்ள 16 பிளாஸ்டிக் டப்பாக்களை வரிசைக்கு நான்காகப் புல்தரை முழுக்கப் பரப்பி, மூலைக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு மூலையிலிருந்தும் ஓடவிட்டேன். டப்பாவின் வாய் 8 செ.மீ. குறுக்களவு, பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. அப்படியென்றால் டப்பாவில் 5 மி.லி. இருந்தால் அந்த இடத்தில் ஒரு மி.மீ. மழை. மருந்து ஊற்றும் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். சராசரி 30 மி.லி., அதாவது ஒரு மணி நேரத்தில் 6 மி.மீ. குறைவாக விழுந்த நான்கு டப்பாக்களின் சராசரி 22 மி.லி. 22-ஐ 30-ஆல் வகுத்தால் 73 சதவீதம். இந்த வகைத் தலைக்கு 70-ஐத் தாண்டினால் நல்ல பரவல். பழைய ஓஸ் அமைப்பில் ஆரம்பத்திலேயே இப்படி அளந்து வைத்திருந்தேன், அப்போது பாதியைக் கூடத் தொடவில்லை, மூன்று டப்பாக்கள் காய்ந்தே கிடந்தன.

பரவல் எண்ணை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், தண்ணீர் வீணாவது அதில்தான். காய்ந்த திட்டு பச்சையாகும் வரை ஓடவிடுவோம் என்று நினைக்கும்போது மற்ற இடமெல்லாம் இரண்டு மடங்கு குடித்துவிட்டு வேருக்குக் கீழே வடியவிடுகிறது. எங்கள் ஊரில் கோடையில் போர் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அந்த ஊரில் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடும் கடமை இருக்கிறது. கோடையில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 900 சதுர அடிக்கு, அதாவது 84 சதுர மீட்டருக்கு, 420 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 மி.மீ. விடுகிறேன், அதற்கு மூலைக்கு 25 நிமிடம். தினம் கொஞ்சம் விடுவதை விட இப்படி ஆழமாக விட்டால் வேர் கீழே இறங்கும். செம்மண்ணும் களியும் கலந்த தரை என்பதால் ஒரே மூச்சில் விட்டால் ஓடி வழியும். மூலை மாற்றும் இடைவெளியில் மண் உறிஞ்சிக்கொள்கிறது.

நேரம் விடிகாலை ஐந்து மணி. ஜூன் மாதம் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும், பத்து மணிக்கு மேல் பொடித் துளியெல்லாம் பக்கத்து வீட்டுக் கார் மேல்தான். சாயங்காலம் விட்டால் புல் இரவு முழுக்க ஈரத்தில் நின்று பூஞ்சணம் பிடிக்கிறது.

கேஜை ஓரமாக ஒரு பைப்பில் நிரந்தரமாகவே விட்டுவிட்டேன். ஓடும்போது முள் 2.2-க்குக் கீழே இறங்கினால் வடிகட்டியைக் கழுவும் நேரம், அல்லது எங்கோ லைன் ஒழுகுகிறது. மேலே ஏறினால் நாசில் அடைத்துக்கொண்டிருக்கிறது. எலுமிச்சை உப்புக் குளியல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

இனி மீதம் இருப்பது தென்மேற்கு மூலை. அங்கே வைத்த டப்பாவில் மட்டும் 17 மி.லி.தான் சேர்ந்தது. பக்கத்து வேப்பமரத்தின் ஒரு கிளை தாழ்ந்து வந்து அடுத்த மூலைத் தாரையின் உச்சியில் குறுக்கே நிற்கிறது. கிளையைக் கழித்துவிட்டு அந்தப் பக்கத்து நான்கு டப்பாக்களை மட்டும் மறுபடி வைத்து அளக்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் அந்த மூலைக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூட்டிவிடுவேன்.